கால் பட்ட இடம்

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பார்க்கும் டாக்டரம்மாவுக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்றுதான் வார்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகிப்போன காலைச் சுத்தம் செய்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அப்படியே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். சீழ் பீய்ச்சியடித்து முகமூடி நனைந்தாலும் "கொஞ்சம் துடைச்சு விடும்மா" என்பதோடு சரி. புதிதாக வேலைக்கு வந்த நர்சுகள் மூக்கைச் சுளித்தால், "உள்ள இருந்தது வெளிய வருது. இதுல மூஞ்சியைத் திருப்ப என்ன இருக்கு?" என்று கேட்பார்.

அவருக்கு அருவருப்பு நிறையவே உண்டு. ஆனால் அதை ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவர் ஒருநாளும் உண்டாக்கியதில்லை. பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள்தான் உண்டாக்குவார்கள்.

ஊரில் அவருக்கு 'வயித்து டாக்டர்' என்று பேர். கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போனாலும் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, "இந்த இடத்துல சுருக்குன்னு குத்துது டாக்டர்" என்று சட்டையைத் தூக்குவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அழுத்திப் பார்ப்பார். அவருடைய கணவர் இதற்காகவே அவரோடு கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

வெட்டுப்பட்டு, குத்துப்பட்டு வருகிறவர்களுக்காக அவர் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார். வழிகிற ரத்தமே ஆட்களைக் கூப்பிட்டுவிடும். வயிற்றில் ஊமையடி பட்டவர்கள்தான் அவரைத் தூங்க விடாதவர்கள். அவர்கள் நடந்தே வருவார்கள். பேர் கேட்டால் சொல்வார்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. உள்ளே ஈரல் பிளந்து, ரத்தம் தன்பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும். கூட வந்தவர்கள் அதற்குள் தீர்ப்பு எழுதியிருப்பார்கள். மூட்டை சரிந்து விழுந்த ஒரு தொழிலாளியை ஒரு மேஸ்திரி ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கிவிட்டு, "காலையில சாப்பிடாம வந்துட்டான் டாக்டர், அதான் மயக்கம்" என்றான். அந்த ஆளின் ஈரல் இரண்டாகக் கிழிந்திருந்தது. பிழைக்கவில்லை. மறுநாள் அதே மேஸ்திரி ஒரு மாலையோடு வந்து நின்றான். டாக்டரம்மா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

அதனால் வயிற்றில் அடிபட்டு யார் வந்தாலும் அவர் ஒரே மாதிரிதான் செய்வார். கூட வந்தவர்களை வெளியே அனுப்புவார். துணியை முழுக்க விலக்கிப் பார்ப்பார், முதுகு உட்பட. நாடியையும் ரத்த அழுத்தத்தையும் தானே பார்ப்பார். வலிக்கிற இடத்தைக் கடைசியில்தான் தொடுவார். அதைத் தொடும்போது கண் வயிற்றில் இருக்காது, முகத்தில் இருக்கும். பிறகு காத்திருந்து, அதே கையால் மறுபடியும் தொட்டுப் பார்ப்பார். "முதல் தடவை தொட்டது ஒண்ணும் சொல்லாது. ரெண்டாவது, மூணாவதுதான் பேசும்" என்பது அவருடைய வாடிக்கையான பேச்சு.

அன்றைக்கு வெளிநோயாளிகள் கூட்டம் ஓய்ந்து, டீ வந்த நேரத்தில், அவருடைய தம்பி போன் செய்தான்.

"அக்கா, டூட்டியிலதான இருக்க? இவளைக் கூட்டிட்டு வர்றேன். படியில உருண்டுட்டா. பெரிசா ஒண்ணும் இல்ல, நீ ஒரு பார்வை பாத்துடு."

தம்பி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருந்தான். ஊருக்கு நல்லவன். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் நாற்காலி தூக்கிப்போட முதல் ஆளாக நிற்பான். ஆஸ்பத்திரி வாட்ச்மேனின் சைக்கிளுக்குச் சும்மாவே பஞ்சர் ஒட்டிக்கொடுத்திருக்கிறான். அவசரப் பிரிவு நர்சுகளுக்கு அவனைக் கண்டால் முகம் மலரும். டாக்டரம்மாவுக்கும் அவன் செல்லம்தான். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அவனைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவர்.

கார் வந்து ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் நின்றது. தம்பி இறங்கி வாட்ச்மேனிடம் "பையன் பாஸாயிட்டானா?" என்று விசாரித்தான். அவன் விசாரித்து முடிக்கிறவரை அவன் மனைவி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கம் குனிந்தபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. அதைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே டாக்டரம்மா டீ டம்ளரை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னார்.

"எங்க வலிக்குது?"

"இடுப்புப் பக்கமா லேசா வலிக்குதாம்க்கா" என்றான் தம்பி.

"உன்னைக் கேக்கல."

"பாத்தீங்களா சிஸ்டர், வீட்டுலயும் எங்க அக்கா இப்படித்தான் என்னை மிரட்டுவா." சிஸ்டர் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ வெளிய இரு" என்றார் டாக்டரம்மா. திரையை இழுத்துவிட்டார்.

இடது விலாவுக்குக் கீழே ரத்தம் கட்டிய ஒரு கன்றல். உள்ளங்கை அகலம். மேல்பக்கம் வில் மாதிரி வளைந்து, அந்த வளைவில் மட்டும் நிறம் கூடுதலாக இருந்தது. வேறெங்கும் ஒன்றும் இல்லை. முழங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். முழங்கால், கணுக்கால், உள்ளங்கை, முதுகு எல்லாவற்றையும் பார்த்தார். படியில் உருண்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தோல் உரியாத முழங்கையோடு அவர்களில் யாரும் வந்ததில்லை. இவள் கையில் போட்டிருந்த கண்ணாடி வளையல்களில் ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

நாடி ஓட்டமாக ஓடியது. அழுத்தம் பரவாயில்லை. வயிற்றின் வலப்பக்கம் மெத்தென்று இருந்தது. இடப்பக்கம் போகப்போகக் கெட்டிப்பட்டது. விலா ஓரத்தில் விரல் பட்டதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தோள்பட்டை வலிக்குதா?"

"ஆமா அண்ணி, இடது தோள். அங்க அடி படவே இல்லையே, அது ஏன் வலிக்குதுன்னு தெரியல."

டாக்டரம்மாவுக்குத் தெரியும். மண்ணீரலிலிருந்து கசிகிற ரத்தம் மேலே தேங்கி உதரவிதானத்தைத் தொட்டால், அந்த வலி தோளில்தான் போய்ச் சொல்லும். அல்ட்ராசவுண்ட் கருவியைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி, தானே வைத்துப் பார்த்தார். மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. அந்த இடத்தில் கறுப்பு இருக்கவே கூடாது.

இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டு மருந்துத் தண்ணீர் ஏற்றச் சொன்னார். ரத்த வங்கிக்குச் சொல்லியனுப்பினார். கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அழுத்தம் சரியாமல் நின்றதால் ஸ்கேனுக்குக் கூடவே போனார். படத்தில் மண்ணீரலின் விளிம்பு கிழிந்து, சுற்றிலும் ரத்தம் உறைந்திருந்தது. புதிதாகப் பீறிட்டு ஓடுவதாகத் தெரியவில்லை. இப்படிக் கிழிந்த மண்ணீரலை உடனே கத்தி வைத்து எடுத்துவிடத் தேவையில்லை. அசையாமல் படுக்க வைத்து, வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல், நாடியையும் அழுத்தத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டால், பாதிப்பேருக்குமேல் தானாகவே ஆறிவிடும். நிலை சரிந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்கக் கூடாது.

ஸ்கேன் அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர் வராந்தாக் கதவைத் திறக்கப் போய் இருவரும் தனியாக இருந்த கொஞ்ச நேரத்தில், டாக்டரம்மா குனிந்து கேட்டார்.

"எந்தப் படி?"

"மொட்டைமாடிப் படி அண்ணி."

"வளையல் எல்லாம் பத்திரமா இருக்கு."

அவள் வளையல் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்க கேக்காதீங்க அண்ணி" என்றாள். "நீங்க கேட்டா நான் சொல்ல வேண்டி வரும். அவர் உங்க தம்பி."

டாக்டரம்மா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். திரும்பி வந்த ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், "என்ன டாக்டர், தலை சுத்துதா?" என்று கேட்டார். "இல்ல, போங்க" என்றார்.

சொந்தக்காரியைத் தன் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இன்னொரு சர்ஜன் பக்கத்து ஊர் முகாமில் இருந்தார். போன் செய்தார். "கிளம்பிட்டேன் மேடம், ஆனா பாலத்துல லாரி கவுந்து கிடக்கு, நேரமாகும்" என்றார் அவர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதே பாலத்தைத்தான் தாண்ட வேண்டும். கிழிந்த மண்ணீரலோடு ஒருத்தியைக் குண்டும் குழியுமான அந்த ரோட்டில் நடுவழியில் நிறுத்தி வைப்பதைவிட இங்கேயே இருப்பது மேல். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் போய், "என் தம்பி பொண்டாட்டி. என் கையில இருக்கக் கூடாது. இப்போதைக்கு வேற கையும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு, சிஸ்டரிடம் போலீஸுக்குத் தகவல் கொடுக்கச் சொன்னார்.

"படியில விழுந்ததுக்கா டாக்டர்?"

"படியில விழலம்மா. உதை."

சிஸ்டர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தம்பியை எட்டிப் பார்த்தாள். "அவரா? அவர் ரொம்ப நல்ல மனுஷன் டாக்டர்" என்றாள். அவள் குரலில் சந்தேகம் டாக்டரம்மாவின் பேரில்தான் இருந்தது.

அம்மா வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்க்கும் மாற்றுத் துணியும் இருந்தன. மருமகளைப் பார்ப்பதற்கு முன்னால் மகளைத்தான் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டியாமே. ரொம்ப நல்லது. கடவுள் காப்பாத்தினாரு."

"இப்போதைக்கு வேண்டாம்னு சொன்னேன். பாத்துக்கிட்டு இருக்கணும்."

"கத்தி வைக்கிற அளவுக்கு இல்லேன்னா சின்ன அடிதான? அப்புறம் எதுக்குப் போலீஸ் கீலீஸ்னு?"

டாக்டரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் என்று ஒன்று இல்லவே இல்லை. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"அவன் கை நீட்டுறது."

"குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும். அவளும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன்." அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ எழுதும்போது படின்னே எழுது. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் மூஞ்சில முழிக்க வேண்டாமா?"

'எத்தனையோ தடவை' என்ற சொல்லை டாக்டரம்மாவால் விழுங்க முடியவில்லை. அப்படியானால் எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. இந்த அம்மா அதே வீட்டில், அடுத்த அறையில், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அம்மாவின் உடம்பிலிருந்து வந்த பவுடர் வாசனை திடீரென்று தாங்க முடியாததாகப் பட்டது. திரும்பி நடந்தார். நடக்கும்போதே, "அவளுக்கு வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது, எழுந்திரிக்க விடக்கூடாது, கேட்டுக்கோ" என்றார்.

மருந்துக்கடைப் பக்கமாகத் தம்பி அவரை மடக்கினான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, போலீஸுக்குச் சொல்லியிருக்கியாம்."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சரி, கேக்குறேன். என்ன பண்ணின?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "வேணும்னு பண்ணலக்கா. வார்த்தை தடிச்சுடுச்சு. அவ கீழ குனிஞ்சிருந்தா. காலு பட்டுடுச்சு."

"கால் பட்டுடுச்சு."

"ஆமாக்கா, பட்டுடுச்சு."

"எதுக்கு?"

அவன் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே தன் பக்கம் நியாயம் இருப்பதாகத் தெம்பு வந்தது. பள்ளிக்கூட வேன் டிரைவர் ஒருவர் டயர் வாங்க வந்திருக்கிறார். தம்பி சாப்பிடப் போயிருந்த நேரம், கடையில் மனைவி இருந்திருக்கிறாள். பழைய டயருக்கு மேல்பட்டை ஒட்டிப் புதுசு மாதிரி ஆக்கி வைத்திருந்ததை அவர் கேட்க, அவள், "அது ஒட்டுன டயர், பிள்ளைங்க போற வண்டிக்கு வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டாள். வேன்காரர் அடுத்த கடைக்குப் போனதோடு நில்லாமல், நாலு பேரிடம் சொல்லியும் விட்டார்.

"என் கடையில உக்காந்துக்கிட்டு என் வியாபாரத்தையே கெடுத்தா கோவம் வராதாக்கா? நீயே சொல்லு."

டாக்டரம்மா அவன் காலைப் பார்த்தார். முன்பக்கம் கெட்டியான, கடையில் போட்டுக்கொள்கிற பூட்ஸ். அதன் முனை வில் மாதிரி வளைவாக இருந்தது. சின்ன வயதில் அந்தக் காலில் முள் குத்தினால் ஊசியைச் சுட்டு எடுத்துவிட்டது அவர்தான். இப்போது அந்தக் காலைப் பார்த்ததும், எத்தனையோ குடல்களை அள்ளிப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தள்ளிப் போ" என்றார்.

"அக்கா—"

"பேசாத. உன் வாய்ல இருந்து வர்றதைக் கேட்டா குமட்டுது. தள்ளிப் போ."

அவசரப் பிரிவில் ஒரு விபத்துக் கேஸ் வந்து இறங்கியது. டாக்டரம்மா அதைப் பார்க்கப் போனார். போவதற்கு முன்பு தம்பி மனைவியின் வயிற்றை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். முன்பு இருந்த அளவில்தான் இருந்தது. நாடிகூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. நல்ல அடையாளம். பக்கத்தில் ஒரு நர்சை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

அந்த நர்சை மறுகோடிக் கட்டிலில் இருந்தவருக்குச் சலைன் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் நடந்ததைப் பின்னால் பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அம்மா பிளாஸ்க்கைத் திறந்து, "காலையில இருந்து பட்டினி, பாவம்" என்று ஒரு டம்ளர் பால் கொடுத்தாராம். குடிக்க மாட்டேன் என்றவளை, "நான் என்ன விஷமா குடுக்குறேன்?" என்று சொல்லிக் குடிக்க வைத்தாராம். அதற்குள் தம்பி வந்து, "எழுந்து நாலு அடி நட. நடந்து காட்டினா விட்டுடுவாங்க. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போட்டுடலாம். போலீஸ் வர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்" என்று அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தானாம். அவள் காலைக் கீழே ஊன்றி எழுந்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். அப்படியே துணி மாதிரிச் சுருண்டு விழுந்தாள்.

டாக்டரம்மா ஓடிவந்தபோது நாடி நூலாக இருந்தது. வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. அழுத்தம் பாதிக்கும் கீழே. யோசிக்க ஒன்றும் இல்லை. "தியேட்டருக்கு" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தானே ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். தம்பி கூடவே ஓடிவந்து, "அக்கா, நீ காப்பாத்திடுவ, உன்னை நம்பித்தான் இருக்கேன்" என்றான். தியேட்டர் கதவை அவன் முகத்துக்கு நேராகச் சாத்தினார்.

மயக்க மருந்து டாக்டர் நிதானமான மனிதர். "வயிறு காலிதான?" என்று கேட்டார்.

"பால் குடுத்திருக்காங்க."

"யாரு?"

"எங்க அம்மா."

அவர் உறிஞ்சு குழாயைத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அவர் பயந்த மாதிரியே ஆயிற்று. மூச்சுக்குழாய் போடப் போகும் நேரத்தில் பால் திரிதிரியாக மேலேறி வந்தது. அவர் தலையைத் தாழ்த்தி, உறிஞ்சி எடுத்து, எப்படியோ குழாயை உள்ளே இறக்கிவிட்டார். கொஞ்சம் பால் மேசையின் ஓரத்தில் வழிந்து தரையில் சொட்டியது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைக்கு வந்த நாளாக அவர் அப்படி முகத்தைத் திருப்பி யாரும் பார்த்ததில்லை. "அதைத் துடைங்க" என்றார். "முதல்ல அதைத் துடைங்க."

பிறகு நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி நேராக வெட்டினார். வயிற்றின் உள்ளுறையைத் திறந்ததும் ரத்தம் விளிம்பு தட்டி வந்தது. கட்டியாக உறைந்ததைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் துணியை அடைத்தார். இடது கையை மண்ணீரலுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒட்டியிருந்ததைப் பிரித்து, முன்னால் கொண்டுவந்தார். அது நடுவில் பிளந்து நசநசவென்று இருந்தது. காப்பாற்றித் தைக்கிற நிலையில் இல்லை. வேர்ப்பகுதியை விரல்களால் இறுக்கிப் பிடித்ததும் ரத்தம் நின்றது. "அழுத்தம் ஏறுது" என்றார் மயக்க டாக்டர். இடுக்கி போட்டு, கட்டி, அறுத்து, மண்ணீரலைத் தட்டில் வைத்தார்.

இவ்வளவோடு நிறுத்தாமல் மற்றதையும் பார்க்க வேண்டும். ஓர் இடத்தில் உதை விழுந்தால் பின்னால் இருப்பதும் நசுங்கியிருக்கலாம். கணையத்தின் வால், இரைப்பை, ஈரல், உதரவிதானம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். குடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாண் சாணாகக் கைக்குள் ஓடவிட்டார். ஓட்டை எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் இன்னொரு சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "மேடம், நான் மூடுறேன். நீங்க போங்க" என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்தார். வெறுப்பு உடம்பு முழுக்க ஊறியிருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. கடைசிப் படியில் போலீஸ்காரம்மா நின்றிருந்தார். டாக்டரம்மா தான் பார்த்ததைச் சொன்னார்: கன்றல் இருந்த இடம், அதன் வளைவு, முழங்கை, வளையல், தம்பி தன்னிடம் சொன்ன வார்த்தை. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரம்மா பேனாவை நிறுத்தி, "கூடப் பொறந்த தம்பிங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. எழுதுங்க."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூடப் பொறந்தவன் வயித்துலயே அடிச்சுட்டியேடி. நல்லா இருப்பியா நீ?"

டாக்டரம்மா நின்றார். "அம்மா, வயித்துல அடிச்சது யாரு?" என்று கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரிந்த மாதிரியே தெரியவில்லை.

தம்பி மனைவி கண் விழித்துத் தெளிவாகப் பேச ஆரம்பித்தபோது, இன்னொரு சர்ஜனின் பொறுப்பில் இருந்தாள். டாக்டரம்மா பார்வையாளர் மாதிரிதான் போனார்.

"உள்ள இருந்து எதையோ எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க அண்ணி."

"மண்ணீரல். அது இல்லாம இருக்கலாம். ஆனா சில தடுப்பூசி போட்டுக்கணும். இனிமே காய்ச்சல் வந்தா, சளிதானேன்னு வீட்டுல படுத்துக்கக் கூடாது. உடனே வந்துடணும்."

அவள் தலையசைத்தாள். பிறகு, "ஸ்கூல் வேனுக்குப் புது டயர்தான் மாட்டினாங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். அன்றைக்கே விசாரிக்கவும் செய்தார். புது டயர்தான்.

மறுநாள் போலீஸ்காரம்மா வந்து கேட்டபோது, எல்லோரும் எதிர்பார்த்தது படிக்கதையைத்தான். வாசலில் நின்ற அம்மாகூட அதை நம்பித்தான் நின்றார். அவள் படியைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் தடவையிலிருந்து ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க நேரமாயிற்று. தையல் வலித்ததால் நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒட்டுப்போட்ட டயர்களைப் பற்றியும் சொன்னாள்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாகத் தண்டனை ஆனது. மேல்முறையீடு என்று மறுபடியும் வெளியே வந்தான். ஒட்டுன டயரைப் புதுசென்று விற்றதற்காக அதிகாரிகள் வந்து கடையை மூடினார்கள். வேறொருவர் பேரில் வேறொரு தெருவில் திறந்தான். இப்போதும் ஊரில் விசேஷம் என்றால் நாற்காலி தூக்கிப்போட அவன்தான் முதலில் நிற்கிறான். "என்ன இருந்தாலும் அக்கா இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவசரப் பிரிவு சிஸ்டர்கூட ஒருநாள் தயங்கித் தயங்கி, "அவரைப் பாத்தா அப்படித் தெரியவே இல்ல டாக்டர்" என்றாள். "அடிபட்ட வயிறும் பாத்தா தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

தம்பி மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய், அங்கே ஒரு தையல் கம்பெனியில் துணி சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தாள். பிசிறு இருந்தால் ஒதுக்கிவிடுகிற வேலை. அதில் அவள் கறார் என்று பேர் வாங்கியிருக்கிறாள். விவாகரத்து ஆகிவிட்டது. காய்ச்சல் என்றால் சொன்னபடி உடனே வருகிறாள். உறவு சொல்லி முன்னால் புகாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். இன்னமும் 'அண்ணி' என்றுதான் கூப்பிடுகிறாள். மாற்றிக் கூப்பிடச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா டாக்டரம்மாவோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். இதெல்லாம் நடந்த அடுத்த வருஷம், வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் காலையில் போன் வந்தது. "ராத்திரியெல்லாம் வயிறு வலி. வேற டாக்டர்கிட்டப் போக எனக்குப் பிடிக்கல."

டாக்டரம்மா போனார். தம்பி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனார். அம்மாவைப் படுக்க வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலி இல்லாத பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் தொட்டுப் பார்த்தார். கண் அம்மாவின் முகத்தில் இருந்தது. பித்தப்பையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு விலா ஓரத்தில் அழுத்தினார். அப்படியெல்லாம் இல்லை. வெறும் வாய்வு.

"தம்பி ரொம்ப இளைச்சுட்டான்" என்றார் அம்மா, கூரையைப் பார்த்தபடி. "பாவம், ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவ?"

"மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றார் டாக்டரம்மா.

அம்மா இழுத்து விட்டார். டாக்டரம்மா மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு தடவை விளக்கிச் சொன்னார். பின்கட்டுக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டார். அங்கே கொடியில் தம்பியின் சட்டைகள் தேய்த்த மாதிரி ஒழுங்காகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மாவே துவைத்திருக்க வேண்டும். துடைத்துக்கொள்ள அம்மா நீட்டிய துண்டை வாங்காமல், ஈரக் கையோடு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, வலி அதிகமானால் போன் பண்ணும்படி சொல்லிவிட்டுப் போனார்.